உன் சைக்கிளின் சீட்டு உயரம்

அன்புள்ள மகளுக்கு, அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம். நீ நலமா என்று வழக்கம்போல் ஒரு வரியில் கேட்டுவிட்டுப் போக இந்தத் தடவை மனசு கேட்கவில்லை, அதனால்தான் போனை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். போனில் சொன்னால் நீ சிரிப்பாய், நீ சிரித்தால் நானும் சிரித்துவிடுவேன், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். உன் சைக்கிளை எடுத்துவர வந்த உன் தோழியிடம் சைக்கிளுக்குப் பதிலாக இந்தக் கடிதத்தைத்தான் கொடுத்து அனுப்புகிறேன். வெறுங்கையோடு வந்து நிற்கிறாளே என்று அவளைக் கோபித்துக்கொள்ளாதே, பாவம், பெரிய அட்டைப்பெட்டியெல்லாம் அலைந்து தேடிப் பிடித்து வைத்திருந்தாள்.

பள்ளிக்கூடம் திறக்கும் நேரம் என்பதால் எனக்குத் தலைக்கு மேல் வேலை. முன்னறை முழுக்க யூனிஃபார்ம் துணி குவிந்து கிடக்கிறது. பட்டன் தைத்துத் தருகிறேன் என்று அப்பா உட்கார்ந்து, ஒரு சட்டையின் ஆறு பட்டனையும் ஆறு விதமாகத் தைத்து வைத்தார், புண்ணியமாகப் போகும் எழுந்திருங்கள் என்று அனுப்பிவிட்டேன். நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். அங்கே உன்னோடு வேலை செய்கிறவர்கள் எல்லாம் விடுமுறையில் மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டுகிறார்கள், அவர்கள் வண்டியெல்லாம் உயர்ந்த ரகம், உன்னுடையது முதன்முதலில் ஓட்டப் பழகுகிறவர்கள் வாங்கும் ரகம், அதையே வரவழைத்து நல்ல சக்கரமும் கியரும் மாற்றிக்கொள்வதா, இல்லை புதிதாகவே வாங்குவதா, நம் சைக்கிள் கடை ஸ்போக்ஸ் அண்ணனிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்றாய். கேட்டேன். அதற்கு முன்னால் ஆறு மாதமாக இந்த வீட்டில் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

டாக்டர் உடம்பை அசைக்கச் சொன்னதிலிருந்து அப்பாதான் உன் சைக்கிளை எடுக்கிறார் என்பது உனக்குத் தெரியும். அவர் காலுக்கு எட்ட சீட்டை இரண்டரை இஞ்ச் இறக்க வேண்டியிருந்தது. பெற்ற மகள் தன்னைவிட நெட்டை என்று அந்த இரண்டரை இஞ்சைப் பார்த்து நாலு நாள் முனகிக்கொண்டிருந்தார். முதல் வாரமே, இறக்கி வைத்த சீட்டு மறுநாள் பார்த்தால் ஏறி நின்றது. நீதானே துடைக்கிறேன் என்று ஏற்றி வைத்தாய் என்று அவர் என்னைச் சொன்னார், மறதிக்கு மாத்திரை சாப்பிடுங்கள் என்று நான் அவரைச் சொன்னேன். மறுபடி இறக்கினார், மறுபடி ஏறியது. நான் விடுவேனா, துணியில் குறிக்கும் சாக்பீஸை எடுத்துச் சீட்டுக் கம்பியில் கோடு போட்டு டேப் வைத்து அளந்து எழுதி வைத்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரு நூல்கூடப் பிசகாமல் நீ ஓட்டிய காலத்து உயரத்திலேயே வந்து நின்றது. வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் ஸ்போக்ஸிடம் காட்டினேன். அவர் சீட்டுக் கம்பியை இறுக்கும் பிடியைக் கழற்றிப் பார்த்தார், துடைத்தார், முறுக்கினார். பிடி தளர்ந்தா சீட்டு இறங்கும்மா, ஏறாது, நான் இத்தனை வருஷத்துல ஏறுன சீட்டைப் பாத்ததில்ல என்றார். அவர் குச்சி உடம்பும் அந்தக் குரலும் சேர்ந்து எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்து வண்டியை வழக்கம்போல் உன் அறையில் நிறுத்தியதும் முதல் வேலையாகக் கம்பியை இன்னொரு தடவை அளந்தேன்.

உன் வேலை நேரப் பட்டியலை ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறேன் அல்லவா, எந்த நேரத்தில் போன் செய்தால் நீ விழித்திருப்பாய் என்று பார்க்க. ஒரு நாள் அதன் எதிரில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது எனக்குச் சுருக்கென்றது. உனக்குப் பகல் வேலை இருக்கும் வாரங்களில் அங்கே இரவு நீ தூங்கப் போகும்போது எங்களுக்கு மதியம் இரண்டரை மணி. அந்த வாரங்களில் சீட்டு மதியத்துக்கு மேல்தான் ஏறியிருக்கும். உனக்கு இரவு வேலை வந்து நீ பகலில் தூங்கும் வாரங்களில் இங்கே மதியம் முழுக்க ஒன்றும் நடக்காது, காலையில் எழுந்து பார்த்தால் ஏறி நிற்கும். நீ கூட வேலை செய்கிறவர்களுக்காக வேலை நேரத்தை மாற்றிக் கொடுத்த அன்றுகூடத் தப்பவில்லை. அன்று நீ எத்தனை மணிக்குப் படுத்தாய் என்று நான் கேட்டதற்கு, இதெல்லாம் ஒரு கேள்வியாம்மா, போலீஸ்காரி மாதிரி விசாரிக்கிறே என்று கேலி செய்தாய், ஞாபகம் இருக்கிறதா.

அதற்கப்புறம் மதியத்தில் தையல் மிஷினை உன் அறைக் கதவுப் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று அப்பாவிடம் பொய் சொன்னேன். கதவைச் சாத்தி வைத்தால்தான் சத்தம் கேட்கும், திறந்து வைத்தால் ஒன்றுமில்லை. இரண்டரைக்குக் கொஞ்சம் மேலே, மிதிக்காமல் உருளும்போது பின்சக்கரம் டிக்டிக்கென்று சொல்லுமே, அந்தச் சத்தம் மெதுவாகத் தொடங்கும். நீ தெருமுனையில் மிதிப்பதை நிறுத்திவிட்டு வாசல் வரைக்கும் அப்படியேதான் வருவாய். இரண்டு மணி நேரம் கழித்து அதே சத்தம் இன்னொரு தடவை கேட்டு நின்றுவிடும். போய்த் திறந்தால் சக்கரம் அசையாமல் நிற்கும், ஜன்னல் கொக்கி போட்டது போட்டபடி இருக்கும், ஆனால் ஹேண்டிலில் சுற்றிய நாடா இரண்டு பக்கமும் ஈரமாக, வெதுவெதுப்பாக, அப்போதுதான் யாரோ கையை எடுத்தது போல் இருக்கும். முதல் நாள் பயந்தேன், மறைக்கவில்லை. இரண்டாம் நாள் என்னையறியாமல் வந்துட்டியா கண்ணு என்று கேட்டுவிட்டேன். மூன்றாம் நாளிலிருந்து இரண்டரை எப்போது ஆகும் என்று காத்திருக்க ஆரம்பித்துவிட்டேன். நாலு வருஷமாக உன்னைக் கண்ணால் பார்க்காதவள் நான். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை, மகள் தினமும் வந்து போகிறாள் என்ற சந்தோஷம்தான் இருந்தது.

அப்படியே இருந்திருப்பேன். போன மாதம் ஸ்போக்ஸிடம் உன் கேள்வியைக் கொண்டு போனேன். புது கியர் போட்டா சக்கரத்தையும் மாத்தணும், சக்கரத்தை மாத்தினா பிரேக்கு சரிப்படாது, கடைசில பழசுன்னு சொல்ல ஃப்ரேம் மட்டும்தாம்மா மிஞ்சும், அந்த ஃப்ரேமுக்கு அவ்வளவு தாங்காது, பாப்பாவைப் புதுசாவே வாங்கிக்கச் சொல்லுங்க என்றார். சொல்லிக்கொண்டே செயினில் ஒரு சின்ன அளவுகோலை மாட்டிப் பார்த்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இதை நாலு மாசம் முன்னாடி நான்தான புதுசா மாட்டினேன், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடுன மாதிரி தேஞ்சிருக்கு, டயரும் வழுக்கை, உங்க வீட்ல யாரு தினம் மலை ஏறி இறங்குறது என்று கேட்டார். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்று மாலையே நீ போன் செய்து, கால் ரெண்டும் விண்ணுவிண்ணுன்னு வலிக்குதும்மா, எட்டு மணி நேரம் தூங்குறேன், தூங்குன மாதிரியே இல்ல, ரத்தமெல்லாம் பாத்துட்டாங்க, எல்லாம் சரியா இருக்காம், ஆனா ஏழு கிலோ குறைஞ்சிட்டேன் என்றாய். எனக்கு உலகமே நின்றுவிட்டது. அத்தனை தூரமும் நீயேதான் மிதித்துக்கொண்டு வந்திருக்கிறாய், நான் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

வண்டியை அங்கேயே அனுப்பிவிடலாமா என்றும் யோசித்தேன். தூங்குகிறவள் பக்கத்தில் அது நின்றால் நீ எழுந்திருக்கவே மாட்டாய் என்று பயமாக இருந்தது. அதனால் உன் கேள்விக்கு என் பதில், பழையதைச் சரிசெய்யும் ஆசையை விட்டுவிட்டு அங்கே புதிதாக ஒன்று வாங்கிக்கொள், விழித்திருக்கும்போது மட்டும் ஓட்டு. கடைக்காரர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டாமல் இரண்டு மூன்று வண்டியில் ஏறி உட்கார்ந்து பார்த்து எடு. ஓட்டி முடித்ததும் பசிக்கவில்லை என்று சொல்லாமல் வயிறாரச் சாப்பிடு.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பைத்தியமா உனக்கு என்பார் என்று நினைத்தேன். அவர் நகம் வெட்டிக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை. நான் அதை ஓட்டியே மூணு மாசத்துக்கு மேல ஆச்சு, முட்டி ஒத்துக்கல, இப்பல்லாம் வாக்கிங்தான் போறேன் என்றார். அப்படியானால் தினமும் காலையில் சீட்டை இறக்கி வைப்பது யார் என்று கேட்டேன். நான்தான், இறக்கி வச்சாத்தான, ஏறியிருக்கறதைப் பாத்து அவ வந்துட்டுப் போயிருக்கான்னு தெரியும் என்றார். ஒரே வீட்டில் ஒருவருக்கொருவர் தெரியாமல் உன்னை இப்படிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறோம், எங்களை மன்னித்துவிடு கண்ணு.

நேற்றுக் காலை இருவருமாக அதைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். முழு வண்டியாக யாருக்கும் கொடுக்க வேண்டாம், தனித்தனியாகக் கழற்றிவிடுங்கள் என்றேன். ஸ்போக்ஸ் ஏன் என்று கேட்கவில்லை, செயினை மட்டும் எங்கள் கண் முன்னாலேயே துண்டு துண்டாக்கிப் பழைய இரும்பில் போட்டார். அப்பா கடைசி வரைக்கும் சீட்டைக் கையில் வைத்திருந்தார், அப்புறம் அவரே நீட்டிக் கொடுத்துவிட்டார். நேற்று மதியம் கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து மணி வரை உட்கார்ந்திருந்தேன். பட்டியலில் நீ தூங்கும் நேரம்தான். ஒரு சத்தமும் இல்லை. அப்பா இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தார், நான் தலையை ஆட்டினேன், போய்விட்டார். உன் அறை இவ்வளவு பெரியது என்று எனக்கு நேற்றுதான் தெரிந்தது.

நீ நன்றாகத் தூங்கி, நன்றாகச் சாப்பிட்டு, உடம்பு தேறி, நூறு வயசு நல்லபடி இருக்க வேண்டும், இரண்டு பேருடைய ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. கால் வலி குறைந்ததா என்று மறக்காமல் சொல், குறைந்தது என்று நீ சொன்னால் நாங்கள் வருத்தப்பட மாட்டோம். எங்களைப் பார்க்க வரவேண்டும் என்று தோன்றினால் லீவு சொல்லி, டிக்கெட் எடுத்து, விழித்துக்கொண்டு வா.

அன்புடன்,
உன் அம்மா