நாலாம் நாள் தூக்கம்

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நானும் மகளும் நலம். நீங்கள் எந்த ஊர் வெயிலில், எந்தக் கிடங்கு வாசலில் வரிசையில் நிற்கிறீர்களோ தெரியவில்லை. உங்கள் கூட்டாளி மீசைக்காரர் அந்தப் பக்கம் லோடு கொண்டுபோகிறாராம், அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வழியில் பிரித்துப் படித்துவிடுவார் என்று உறையை மெஷினில் வைத்துத் தைத்தே விட்டேன். நூலைப் பல்லால் கடித்துப் பிரியுங்கள்.

இன்னும் இரண்டு வருஷம் தூரத்து வண்டிக்கே கையெழுத்துப் போடட்டுமா, இல்லை உள்ளூர் வண்டிக்கு மாறிவிடட்டுமா, எது கட்டுப்படியாகும் என்று நீயே சொல் என்று போனில் கேட்டீர்கள். மகள் கூப்பிடுகிறாள் என்று போனை வைத்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

தூரத்து வண்டிக்குச் சம்பளம் ஒன்றரை மடங்கு, மறுக்கவில்லை. இந்தத் தையல் மெஷின், மகளின் மூக்குக்கண்ணாடி எல்லாம் நீங்கள் ஓட்டிய ஓட்டம்தான். மதியத்தில் சீருடைத் துணி தைக்கும்போது கண் சொக்கும். ஊசிக்கு அடியில் ஓடுகிற வெள்ளைத் தையல் ரோட்டுக் கோடாகத் தெரியும். நானும் உங்கள் பின்னாலேயே வந்துகொண்டிருப்பதாக நினைத்துக்கொள்வேன். துணி முடிந்ததும் வீட்டுக்குள்தான் இருப்பேன்.

ஓடினால்தான் காசு, வரிசையில் காத்துக் கிடக்கிற நாளுக்கு ஒன்றும் கிடையாது என்று அலுத்துக்கொள்வீர்களே, அந்தக் கணக்கில் நானும் சேர்த்திதான்.

போன முறை வந்தபோது நடந்ததை உங்களிடம் சொல்லவில்லை. மதியம் சாப்பிட்டுப் படுத்தீர்கள். தூக்கத்தில் உங்கள் வலது கால் சட்டென்று விறைத்து மெத்தையை அழுத்தியது. பிரேக் போடுகிறீர்கள். கனவில் குறுக்கே யார் வந்தார்களோ. இரண்டாம் நாளும் அப்படியே, மூன்றாம் நாளும் அப்படியே. மகள் ஒரு தலையணையைக் கொண்டுவந்து கால்மாட்டில் வைத்து, இதில் இடித்தால் அப்பாவுக்கு வலிக்காது என்றாள்.

நாலாம் நாள் கால் அசையவில்லை. வாயைத் திறந்துகொண்டு அப்படி ஒரு தூக்கம். நான் மெஷினை ஓட்டவில்லை. ஜன்னல் திரை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் உட்கார்ந்து உங்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் நீங்கள் வீடு வந்து சேர்ந்ததாகத் தோன்றியது. மறுநாள் காலையில் கிளம்பிவிட்டீர்கள்.

புதுச் சைக்கிள் வேண்டுமா, அப்பா வேண்டுமா என்று மகளிடம் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. சைக்கிள் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, ஓட்டிப் பழகும்போது பின்னால் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு நூல் கோத்தேன்.

உள்ளூர் சம்பளத்தில் இழுத்துப்பிடித்துத்தான் ஓட்ட வேண்டியிருக்கும். நான் இன்னும் கொஞ்சம் துணி வாங்கித் தைக்கிறேன். தூரத்து வண்டி நமக்குக் கட்டுப்படியாகாது. கையெழுத்துப் போடாதீர்கள்.

தலையணை இன்னும் கால்மாட்டில்தான் இருக்கிறது. மகள் எடுக்க விடவில்லை. பத்திரமாக, நிதானமாக வாருங்கள். வந்து மூன்று நாள் அதில் இடித்துக்கொண்டு தூங்குங்கள். நாலாம் நாளுக்கு நாங்கள் காத்திருக்கிறோம். இந்த முறை ஐந்தாம் நாளும் இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தையல்காரி