தட்டு மாற்ற வந்த ஜோடி

அண்ணா,

ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் செய்துகொள்ளும் கல்யாணத்தைச் சட்டப்படி பதிய முடியாது, வேண்டுமானால் பாராளுமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்று டெல்லியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லிவிட்டது. கடையில் பிளாஸ்டிக் குடங்களுக்கு நடுவே உட்கார்ந்து டிவியில் பார்த்தேன். பக்கத்து நாற்காலியில் சேகர் அண்ணன். முழுசாகக் கேட்டுவிட்டு, "வால்யூமைக் கொறைடா" என்றார், அவ்வளவுதான்.

சாயங்காலம் நாலு பேர் உட்கார்ந்து விவாதம் செய்தார்கள். கோட்டு போட்ட ஒருவர் திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டார்: சட்டம் கிடக்கட்டும், எந்தக் குடும்பம் இவர்களை ஏற்றுக்கொள்ளும்? எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது. எண்பத்தெட்டு மாசி மாசத்தில் பெருங்களத்தூரில் ஒரு குடும்பம் பத்தே நிமிஷத்தில் ஏற்றுக்கொண்டதை அந்த ஆளுக்கு யார் சொல்வது?

அப்போது நான் சைக்கிளில் குடம் கட்டிக்கொண்டு தெருத் தெருவாக விற்றவன். மழையோ வெயிலோ, மிச்சச் சரக்கை வைக்க முடிச்சூர் ரோட்டில் எனக்கு இருந்த ஒரே இடம் உங்கள் மோட்டார் ரிவைண்டிங் கடை. கணக்கும் கல்லாவும் உங்களுடையது, மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது சேகர் அண்ணன். கடைக்கு மேலேயே ஒரு ரூம், ஒரு அடுப்பு. கேட்பவர்களுக்கு "ஃபிரண்டு" என்பீர்கள். ஊரும் அதற்கு மேல் கேட்காது. எனக்குத் தெரியும். தெரியும் என்று உங்களுக்கும் தெரியும். அதைப் பற்றி நாம் பேசியதே இல்லை.

எனக்குப் பெண் பேசி முடித்த அந்த வாரம் பேப்பரில் ஒரு செய்தி வந்தது. வடக்கே ஏதோ ஊரில் இரண்டு பெண்கள் மாலை மாற்றிக்கொண்டார்கள், அதற்காக இருவருக்கும் வேலை போய்விட்டது என்று. டீக்கடையில் அதே பேச்சு. அரிசி மண்டி முதலாளி பெஞ்சில் காலை நீட்டிக்கொண்டு, "பொண்ணும் பொண்ணும் கட்டிக்கினா, ரேஷன் கார்டுல குடும்பத் தலைவர்னு யார் பேரை எழுதுவான்?" என்றார். நீங்கள் டீயை ஆற்றிக்கொண்டே, "யார் போய் க்யூவுல நிக்கிறாங்களோ, அவங்க பேரைத்தான்" என்றீர்கள். கடையே சிரித்தது. மண்டிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. உங்களையும் சேகர் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காததற்குக் காரணம் உங்கள் மேல் இருந்த பாசம் இல்லை, அண்ணா. என் நிச்சயதார்த்தம் அவர் கையில் இருந்தது.

எனக்கு அப்பா அம்மா இல்லை. நிச்சயத்தில் மாப்பிள்ளை பக்கம் ஒரு தம்பதி நின்றுதான் பெண் வீட்டுத் தம்பதியோடு தாம்பூலத் தட்டை மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு மண்டிக்காரரையும் அவர் சம்சாரத்தையும் கேட்டு வைத்திருந்தேன். வசதியான ஜோடி, பெண் வீட்டில் மதிப்பாகத் தெரியும் என்று கணக்குப் போட்டேன். நீங்கள் இருவரும் வேனில் பின்சீட்டு.

நிச்சயத்தன்று காலையில் மண்டிக்காரர் கூப்பிட்டு அனுப்பினார். "அந்த ரெண்டு பேரும் வந்தா நாங்க வரமாட்டோம். அந்தக் கூட்டத்தோட நின்னு நான் தட்டு மாத்தணுமா?" என்றார். நேராக உங்கள் கடைக்கு வந்தேன். எதற்கு வந்தேன் என்று சொல்லாமல், மோட்டார் ஸ்டார்ட்டர் விலையைப் பற்றி ஏதோ உளறினேன். நீங்களே கேட்டீர்கள்: "இன்னாடா, நாங்க வர வேணாமா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

"சரி, வரல. பூவும் பழமும் வாங்கி வச்சிட்டேன், எடுத்துக்கினு போ." கோபமே இல்லை உங்கள் குரலில். சேகர் அண்ணன் காயிலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. சுற்றிக்கொண்டிருந்த கம்பி மட்டும் நின்றது.

பூக்கூடையோடு ரயில்வே கேட் வரைக்கும் நடந்தேன். கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று போய்க்கொண்டே இருந்தது. அங்கே நின்று யோசித்தது தர்மம் நியாயம் எதுவும் இல்லை, வியாபாரம்தான். இன்றைக்கு இந்த மண்டிக்காரர் எனக்காகத் தட்டைப் பிடித்தால், ஆயுசுக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார். நாலு வருஷமாக என் சரக்கு உங்கள் கடையில் கிடக்கிறது, ஒரு நாள் முகம் சுளித்திருப்பீர்களா? எந்தப் பக்கம் நிற்பது என்று முடிவு செய்ய எனக்கு அது போதுமாக இருந்தது. திரும்பி வந்து, "அண்ணா, ரெண்டு பேரும் சட்டை மாத்துங்க. தட்டு நீங்கதான் மாத்தறீங்க" என்றேன். மண்டிக்காரருக்கு ஆள் அனுப்பி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பெருங்களத்தூர் வீட்டில் எல்லாம் நன்றாகத்தான் போனது, தட்டு மாற்றும் நேரம் வரும்வரை. பெண்ணின் தாய்மாமன் என் பக்கத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "ஜோடியா நிக்கணுமே, எங்க உங்க பக்கத்து ஜோடி?" என்றார். நான் உங்கள் பக்கம் திரும்பினேன். நீங்கள் எழுந்தீர்கள்.

"நாங்கதாங்க. பதினோரு வருஷமா ஒரே அடுப்பு. இவனை வுட்டா எனக்கு ஜோடி கிடையாது. அதுக்கு மேல கேக்காதீங்க."

என் மாமனார் சுற்றாத ஃபேனை அண்ணாந்து பார்த்தார். தாய்மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இது சரிப்படாது மச்சான், கெளம்பச் சொல்லு" என்றார். என் கல்யாணம் நின்றுவிட்டது என்றே நினைத்தேன். அப்போது சமையற்கட்டு வாசலிலிருந்து என் மாமியார், உங்களை அல்ல, சேகர் அண்ணனைப் பார்த்துக் கேட்டார்: "போன வருஷம் இந்தப் புள்ளைக்கு டைபாய்டு வந்துதாமே. யாரு பாத்துக்கினது?"

"நாங்கதாம்மா."

"கஞ்சி?"

"நான் வச்சேன்."

"மத்த வேலை?"

"அது என் டூட்டி" என்றீர்கள் நீங்கள்.

உள்ளே யாரோ சிரித்தார்கள். அது என் மனைவி என்று பிற்பாடுதான் தெரிந்தது. மாமியார் தன் அண்ணனிடம், "உக்காருண்ணே. ஒரு வூட்டுல ரெண்டு பேரு சேர்ந்து ஒரு புள்ளையக் காப்பாத்திக்கீறாங்க. இதுக்கு மேல இன்னா ஜோடி பாக்கணும்?" என்றார். பிறகு மாமனாரிடம், "தட்டை வாங்குங்க."

திரும்பி வரும்போது வேனில் நீங்கள் முன்சீட்டு. வண்டி முடிச்சூர் ரோட்டில் திரும்பும்போது, "தட்டுக்கு அடியில அவன் கையப் புடிச்சுக்கினேன்டா. நாலு பேரு முன்னாடி புடிச்சது இன்னிக்குத்தான்" என்றீர்கள்.

தொண்ணூற்றெட்டில் உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, ஆபரேஷன் பாரத்தில் 'நோயாளிக்கு என்ன உறவு' என்ற இடத்தில் சேகர் அண்ணனின் பேனா நின்றுவிட்டது. வாங்கி, 'தம்பி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது பொய். உண்மையைப் போட வேண்டியவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அந்த ஒரு கையெழுத்துக்காகத்தான் டெல்லியில் இத்தனை வக்கீல்கள் வாதாடினார்கள் என்று நான் புரிந்துகொள்கிறேன். தீர்ப்பை எதிர்த்துப் பேச எனக்குப் படிப்பு போதாது. ஆனால் நாலு கடை, சொந்த வீடு, முப்பத்தைந்து வருஷக் குடித்தனம் எல்லாம் நீங்கள் இருவரும் அன்று எழுந்து நின்றதால் வந்தவை. நன்றி என்று நீங்கள் உயிரோடு இருந்தபோது சொல்லவில்லை. சொன்னால் கிண்டல் செய்வீர்கள் என்று பயம்.

என் மகளுக்கு வரன் முடிந்திருக்கிறது. நாவலூர்ப் பக்கம் பிளாட், நல்ல குடும்பம். கல்யாணப் பத்திரிகைக்கு நான் எழுதிக் கொடுத்ததைப் படித்த சம்பந்தி, "சார், தாத்தா பாட்டி இடத்துல ரெண்டும் ஆம்பிளைப் பேரா இருக்கே, ஏதாவது மிஸ்டேக்கா?" என்று கேட்டார். தப்பில்லை என்று சொல்லி, மேலே எழுதியதையெல்லாம் அவரிடம் சொன்னேன். இதை எடுக்கச் சொன்னால் வரனையே விட்டுவிடுகிறேன் என்றும் சொன்னேன். வீட்டில் பேசிவிட்டுச் சொல்வதாகப் போனார். மறுநாள் காலை போன் வந்தது.

பேசி முடித்தது இது. மண்டபச் செலவு பாதிப் பாதி. சாப்பாடு எங்களுடையது, நகை அவரவர் இஷ்டம், சீர் கிடையாது. நிச்சயத்தில் எங்கள் பக்கம் மேடையில் முதல் நாற்காலி சேகர் அண்ணனுக்கு. பத்திரிகையில் மணமகளின் தாத்தா பாட்டி வரியில் உங்கள் பெயரும் அவர் பெயரும் சேர்ந்தே வரும்.