நீலமுகனின் கடைசிப் பக்கம்

நேற்று தபாலில் ஒரு படக்கதைப் புத்தகம் வந்தது. மகன் பெங்களூரிலிருந்து அனுப்பியிருக்கிறான். "நீ எப்பவும் சொல்லுவியேம்மா, நீலமுகன். பழசு மாதிரியே திரும்ப அச்சடிச்சிருக்காங்க" என்று போனில் சொன்னான். பிரித்ததும் மை வாசனை. அட்டையில் அதே நீல முகமூடி. நான் முதல் பக்கத்தைத் தொடவே இல்லை, நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனேன். நாற்பது வருஷமாக என் கண்ணில் படாத பக்கம் அது. நாலே கட்டம். நீலமுகன் திருடனைக் கடலில் தள்ளுகிறான், கப்பலேறிப் போகிறான், முற்றும். அடிப்பாவி! நீ சொன்ன முடிவு இதில் இல்லவே இல்லை.

சின்ன வயசுச் சிநேகிதி என்று இருந்த நீயும் போன ஐப்பசியில் போய்ச் சேர்ந்துவிட்டாய். இனி யாரிடம் போய் நான் சண்டை போடுவது? அதனால்தான் எழுதுகிறேன்.

ஒன்பதாம் வகுப்புப் பரீட்சை முடிந்த மறுநாளே எனக்கு அம்மை போட்டது. எங்கள் தென்காசி வீட்டு வாசலில் வேப்பிலை செருகினார்கள். தாளிக்கக் கூடாது, ரேடியோ போடக் கூடாது. வெளியாள் யாரும் உள்ளே வரக் கூடாது. உள்ளே வந்த பொருள் எதுவும் வெளியே போகவும் கூடாது. மூன்றாம் தண்ணீர் ஊற்றியதும் எல்லாவற்றையும் சிற்றாற்றில் விட்டுவிட வேண்டும் என்பது அம்மாவின் சட்டம்.

அந்த வாரம் பார்த்துத்தான் நீலமுகன் கோடைச் சிறப்பிதழ் மூன்று புத்தகங்களாக வந்திருந்தது. இப்போது மகன் அனுப்பியிருப்பது அதில் கடைசிப் புத்தகம். ஒவ்வொன்றின் கடைசிப் பக்கத்திலும் ஒரு கூப்பன். மூன்றையும் அனுப்பினால் நீலமுகன் பேட்ஜ் வரும், அடுத்த இதழில் பெயரும் வரும். பள்ளிக்கூட ரிஜிஸ்தரைத் தவிர என் பெயரை யாரும் எங்கும் எழுதியதில்லை. அது பஸ் ஸ்டாண்டு கடையில் கயிற்றில் தொங்கும் புத்தகத்துக்குள் வரப்போகிறது என்றால் இன்னொரு தடவைகூட அம்மை போடட்டும் என்றுதான் இருந்தது எனக்கு.

நீ ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றாய். "எனக்குத்தான் ரெண்டாங் கிளாஸ்லயே போட்டுட்டுல்லா. ஆத்தா ஒரே ஆளுகிட்ட ரெண்டு மட்டம் வரமாட்டா" என்று கம்பி வழியாக முதல் புத்தகத்தை நீட்டினாய். கடைசிப் பக்கம் இல்லை.

"கிழிச்சிட்டேன்ட்டி. உள்ள வந்தா கூப்பனும் ஆத்தோட போயிரும்லா? முடிவ நான் சொல்லுதேன், நீ கேளு."

"ரெண்டு பேரு பேரும் எழுதுவியா?"

"எழுதாம? சத்தியமா எழுதுதேன்."

சாயங்காலமானால்தான் அரிப்பு உயிரை எடுக்கும். வேப்பங்கொத்தால் தடவினாலும் அடங்காது. சரியாக அந்த நேரத்துக்கு வந்து நீ முடிவைச் சொல்ல ஆரம்பிப்பாய். ஒரே பக்கத்து முடிவு மூன்று நாள் ஓடும். கடைசிப் புத்தகத்தில் நீலமுகனுக்கே அம்மை போட்டுவிட்டது என்றாய். திருடர்களுக்குப் பயந்து ஐந்தருவிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறானாம். முகமூடிக்குள்ளே அரிக்கிறதாம். சொறிய வேண்டுமென்றால் முகமூடியைக் கழற்ற வேண்டும், கழற்றினால் ஆள் யாரென்று தெரிந்துபோகும்.

"அவன் எப்படிட்டி குத்தாலத்துக்கு வந்தான்?"

"தென்காசி ஸ்டேஷன்ல எறங்கி ஜட்கால வந்தான். நீ சொறியாதட்டி. அவனே சொறியாம இருக்கான்லா."

நம்பினேன். ஒரு கழுதையைப் போல அத்தனையையும் நம்பினேன். நீலமுகன் பொறுக்கிறான், நானும் பொறுக்கிறேன் என்று இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இளநீரும் மோர்ச்சாதமும் தந்து அம்மா கவனித்துக்கொண்டாள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் முகத்தில் ஒரு தழும்பும் விழாமல் பார்த்துக்கொண்டது நீதான்.

மூன்று தண்ணீரும் ஊற்றியாயிற்று. மூன்று புத்தகமும் ஆற்றோடு போயிற்று. வெயில் பட்டால் அம்மைப் புள்ளி கறுத்துவிடும் என்று அம்மா மட்டும் என்னை இன்னும் வெளியே விடவில்லை. ஒருநாள் அப்பா, என்றைக்கும் இல்லாத அதிசயமாக, புது இதழை அவரே வாங்கிவந்து மடியில் போட்டார். பெயர்ப் பட்டியலைத் தேடினேன். உன் பெயர் இருந்தது, பக்கத்தில் தென்காசி என்றும் இருந்தது. மேலேயும் கீழேயும் பார்த்தேன். என் பெயர் இல்லை.

அன்று சாயங்காலம் நீ வந்தாய். சட்டையில் பேட்ஜைக் குத்தியிருந்தாய்.

"எம்பேரு எங்கட்டி?"

நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. ஜன்னல் கம்பியைத்தான் பார்த்தாய். "ஒரு பேரு எழுதத்தான் எடம் இருந்துச்சு. என்ன செய்யச் சொல்லுத?"

ஜன்னலைச் சாத்தினேன். இடது புருவத்தில் ஒரே ஒரு பொருக்கு உதிராமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அதை ரத்தம் வரும்வரை சொறிந்தேன்.

பள்ளி திறந்தபின் பேசினோம், வாஸ்தவம்தான். ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம், சாரல் காலத்தில் சேர்ந்து குற்றாலத்துக்குப் போனோம். ஆனால் மனசில் உள்ள ஒன்றையும் அதற்கப்புறம் உன்னிடம் நான் சொன்னதில்லை. என் கல்யாணத்தன்று பொட்டு வைக்க வந்தவள் என் புருவத்தைத் தடவிப் பார்த்தாய். "ஏட்டி, இத்தன வருசமாக் கேக்கணும்னே இருந்தேன், இது ஏது? நான் கதை சொன்னப்ப ஒண்ணுகூட இல்லையே!" கொசு கடித்தது என்றேன். நீயும் தலையாட்டிவிட்டுப் போனாய். தெரிந்துதான் போனாயா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இதெல்லாம் பழைய கதை, விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஒரே இடம்தான் இருந்தது, சின்னப்பிள்ளை, அவளும்தான் என்ன செய்வாள் என்று எத்தனையோ தடவை உனக்காக எனக்கு நானே வக்காலத்து வாங்கியிருக்கிறேன். ஆனால் பழசு மாதிரியே அச்சடித்தவர்கள் கூப்பனையும் விடவில்லை. அந்த நாலு கட்டத்துக்குக் கீழேயே இருக்கிறது. 'பெயர்' என்று போட்டு, புள்ளி வைத்து, இரண்டு வரி. இரண்டு, கேட்டாயா? நான் விரல் வைத்து எண்ணினேன்.

பேனாவை எடுத்து முதல் வரியில் என் பெயரை எழுதினேன். இரண்டாவது வரிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. உன் பெயரை எழுத மனசு வரவில்லை, மூடி வைக்கவும் மனசு வரவில்லை. புத்தகம் இன்னும் மடியில்தான் திறந்து கிடக்கிறது.

இடது புருவம் அரிக்கிறது. இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.