அம்மா பொட்டு வைத்த கை

தேயிலைத்தூள் வாசம் மாறாத என் அப்பாவுக்கு,

அம்மா பிழைத்துவிட்டாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்கள் இருப்புக்கொள்ளாமல் தவிப்பீர்கள்.

அம்மாவின் நுரையீரலில் ஒரு கட்டி. ஆபரேஷனுக்குச் சென்னைக்குப் போகலாம் என்று நான் சொன்னதற்கு அசையவே இல்லை. உங்கள் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்த பிறகு, இந்த ஹல்துமுல்லைத் தோட்டத்து லய வீட்டில் ஒவ்வொரு இருமலுக்கும் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நீங்கள் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவளாயிற்றே. "என்னையக் கீறாம விட்டுருங்க" என்றாள்.

ரோபோ இருக்கிறது, விலாவில் சின்னத் துளைகள் போதும் என்று சென்னை டாக்டர் போனில் சொன்ன பிறகுதான் இறங்கி வந்தாள். அது தானாக எதுவும் செய்யாதாம்; தள்ளி உட்கார்ந்து அவர்தான் அதன் கைகளை இயக்குவாராம். உள்ளே இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும், ஆனால் கையால் தொட்டு உணர்வதுபோல் வராது என்றார். தேவைப்பட்டால் திறக்கவேண்டி வரும் என்றும் சொன்னார். அது அம்மா காதில் ஏறியதா?

ஆயுதபூசைக்குத் தேயிலைப் பெக்டரியில் கொழுந்து அரைக்கும் மெஷினுக்கு நீங்கள் சந்தனம் குங்குமம் வைப்பீர்களே, அதேபோல ரோபோவுக்கும் வைக்கவேண்டும் என்று சென்னை ஆஸ்பத்திரியில் ஒற்றைக்காலில் நின்றாள். எனக்கு மானமே போனது. அங்கே தூசிகூடப் போகக்கூடாது என்றார் டாக்டர். உடனே அவர் கையைப் பிடித்துப் புறங்கையில் பொட்டு வைத்துவிட்டாள். கழுவிவிட்டுத்தான் உள்ளே போவேன் என்று அவர் சிரித்தார்.

"கழுவுங்கய்யா. வச்சது வச்சதுதான்."

மறுநாள் ஆபரேஷன் பாதியில் டாக்டர் என்னிடம் ஆள் அனுப்பினார். எப்போதோ வந்த காசநோயால் நுரையீரல் நெஞ்சுச்சுவரோடு ஒட்டிக்கிடக்கிறது, ரோபோவை வைத்துப் பிரித்தால் கிழிந்துவிடும், திறந்து கையால்தான் செய்யவேண்டும் என்றார்கள். நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் அப்பா? செய்யச் சொல்லுங்கள் என்றேன். பக்கத்துக் கட்டில்காரருக்கு ரோபோவிலேயே முடிந்து, சீக்கிரமே நடந்து வீட்டுக்குப் போய்விட்டார். அம்மாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

கண் விழித்ததும் நெஞ்சில் போட்டிருந்த கட்டைத் தடவிப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"பெருசாக் கீறிட்டாங்களா?"

"ஆமாம்மா. டாக்டர் கையாலயே செஞ்சாரு."

மறுபடி கட்டின் மேல் கையை வைத்தாள். பிறகு, "கைக்குத்தானே பொட்டு வச்சேன்" என்றாள்.

இப்போது லயத்துக்கு வந்துவிட்டோம். இருமல் வந்தால் உங்கள் தலையணையைத்தான் அணைத்துக்கொள்கிறாள். வலிக்கிறது என்கிறாள், ஆனால் இருக்கிறாள். இனி நான் பார்த்துக்கொள்கிறேன் அப்பா, இது சத்தியம். நீங்கள் மட்டும் அவசரப்பட்டு அவளைக் கூப்பிட்டுவிடாதீர்கள்.

உங்கள் மூத்த மகள்