வெள்ளைச் சேலையை யாரும் வாங்கவில்லை

பரமத்தி வேலூர்,
2-9-1979.

அன்பு மகள் பெரியநாயகிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், கொடிக்காலில் வெற்றிலையும் சுகம், பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் அப்படியே இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். உன் கடிதம் வந்தது. பாப்பாவைப் பார்த்துக்கொண்டு இனி வீட்டோடு இருக்கப் போகிறேன், நர்ஸ் வேலை போதும், என் பெட்டியில் உள்ள வேலைத் துணிகளை யாருக்காவது கொடுத்துவிடுங்கள், இத்துடன் உள்ள ராஜினாமாவை லீவு முடியும் முப்பதாம் தேதிக்குள் சேலத்து ஆஸ்பத்திரி ஆபீசில் சேர்த்துவிடுங்கள் என்று எழுதியிருந்தாய். இரண்டு காரியத்திலும் உன் அப்பா கிழித்த கிழிப்பைக் கேள்.

பெட்டியில் ஒன்பது வெள்ளைச் சேலை, ஒரு ஜோடி ஷூ, கஞ்சி போட்ட தொப்பி ஒன்று. தொப்பி எனக்கு எப்படி இருக்கிறது என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கும்போது உன் அம்மா வந்துவிட்டாள், அதைப் பற்றி மேலே எழுத வேண்டாம். சேலையை நீயே கொடு என்றேன். நீங்களே கொடுத்துப் பாருங்க என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். நம் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளும் சுப்பம்மாள் வீட்டுக்கு இரண்டு சேலையைத் தட்டில் வைத்து, மேலே வெற்றிலை பாக்கும் வைத்து முறையாக எடுத்துப்போனேன். அவள் புருஷன் சுப்பையன் இரண்டு நாளாகக் காய்ச்சலில் படுத்திருந்தான். தட்டைப் பார்த்ததும் அவள் அப்படியே உட்கார்ந்து ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். சத்தம் கேட்டு யாரோ போய்விட்டார்கள் என்று சுப்பையன் போர்வையோடு எழுந்து ஓடிவந்து, ஆருங்க போயிட்டாங்க என்று என்னையே கேட்டான். நீதான் என்று எப்படிச் சொல்வது? அவனுக்கு வேர்த்துக் கொட்டிக் காய்ச்சல் அன்றைக்கே இறங்கிவிட்டது, அந்தப் பெருமையை எனக்குக் கொடுக்க ஊரில் ஒருவரும் தயாராக இல்லை. புருஷன் இருக்கிறவளிடம் வெள்ளைச் சேலையை நீட்டக்கூடாது என்று எனக்குத் தெரியாதா? ஆனால் ஆறு வருஷம் நம் வீட்டுக் கொடியில் அது காய்ந்ததைப் பார்த்துப் பார்த்து, அது என் மகள் வேலைக்குக் கட்டிப்போகும் துணி என்பது மட்டும்தான் மனதில் இருந்தது.

சரி, வெள்ளை கட்டுகிறவளுக்கே கொடுப்போம் என்று உன் கண்ணாத்தாள் அத்தையிடம் போனேன். அவள் ஒரு சேலையைப் பிரித்துத் தடவிப் பார்த்து மடித்து என் கையிலேயே வைத்துவிட்டாள். "இருவது வருசமா வெள்ளை கட்டறேன் தம்பி, நான் எதுக்க வந்தா சகுனம் சரியில்லைன்னு திரும்பிப் போயிருவாங்க. நம்ம புள்ளை அதே வெள்ளையக் கட்டிக்கிட்டு வந்தப்ப எந்திரிச்சு நின்னாங்க. எனக்குக் குடுத்தீன்னா அது மறுக்காவும் தாலியறுத்தவ சீலைதான். எடுத்துட்டுப் போ சாமி" என்றாள். சேலைகளைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டேன். ஷூ மட்டும் சுப்பையனுக்குப் போனது, அவன் பட்ட பயத்துக்கு அதுவாவது கொடுக்க வேண்டாமா.

பிறகு முந்தாநாள் உன் ராஜினாமாவை எடுத்துக்கொண்டு சேலம் போனேன். ஆபீஸ் ஜன்னல்வரை போய்ச் சட்டைப்பையில் கையும் வைத்தேன், எடுக்க வரவில்லை. அங்கிருந்த குமாஸ்தாவிடம் கைக்குழந்தைக்காக லீவை நீட்டிக் கேட்கலாமா என்று கேட்டேன், நர்ஸம்மாவே எழுதிக் கேட்டால் மேலே அனுப்பலாம் என்றார். பாப்பாவோடு வீட்டில் இருப்பதைக் குறைவாக நினைக்காதே, உன் அம்மா செய்ததும் அதுதான். வேலை வேண்டாம் என்றால் நான் கோபிக்க மாட்டேன். உன் ராஜினாமாவையும் லீவு கேட்க ஒரு வெள்ளைத் தாளையும் இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். எதை அனுப்புவதானாலும் நீயே தபாலில் போடு சாமி, என் கையால் கொடுக்கச் சொல்லாதே.

இருபதாம் தேதிக்குள் போட்டால்தான் போய்ச் சேரும், மறக்காதே. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். பாப்பாவுக்கு அப்புச்சியின் முத்தம். நீங்கள் மூவரும் நோய் நொடியில்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
வெ. சின்னுசாமி