செல் சவ்வாக நின்ற பிள்ளைகள்

என் செல்லம் சுமதி,

நீ கண்ணை மூடியதும் உன் பதினொன்றாம் வகுப்பு பயாலஜியை என் தலையில் கட்டிவிட்டார்கள். உன் பெண் கீர்த்தியும் அந்த வகுப்பில்தான் இருக்கிறாள்.

போன வாரம் இன்ஸ்பெக்‌ஷன். எனக்கு வாய்த்த பாடம் செல் சவ்வு. போர்டில் படம் போட்டால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள் என்ற பயத்தில் உன் வழியைக் கையில் எடுத்தேன்.

மைதானத்தில் இரண்டு வரிசை, முதுகுக்கு முதுகு. ஆளுக்கொரு கொழுப்பு மூலக்கூறு. முகம்தான் தண்ணீரை விரும்பும் தலை. பின்னால் நீட்டிய இரண்டு கைகளும் தண்ணீரே ஆகாத வால்கள். செல்லுக்கு வெளியேயும் தண்ணீர், உள்ளேயும் தண்ணீர். அதனால் தலைகள் இரண்டு பக்கமும் பார்க்க, வால்கள் நடுவில் ஒளிந்துகொண்டன. சவ்வு ஒன்றும் சுவர் இல்லையே, பக்கத்தில் நிற்பவரோடு இடம் மாறிக்கொண்டே இருந்தார்கள். குறுக்கே உயரமான பையன்கள், புரதங்கள். அவர்கள் வழிவிட்டால்தான் சர்க்கரையும் உப்பும் உள்ளே போகும். வரிசை கலையாமல் இடுக்கில் நிற்கும் கொலஸ்ட்ராலாக, நான் சொல்லாமலே கீர்த்தி போய் நின்றாள். வீட்டில் நீ ஒத்திகை பார்க்கும்போது உன்னோடு நின்று பழகியவள் ஆச்சே.

நீ இதைச் செய்தபோது, "இது பயாலஜி கிளாஸா, டிரில் பீரியடா?" என்று கேலி செய்தவள் நான்தான். ஞாபகம் இருக்கா?

வந்த அதிகாரி அசந்துபோனார். "அருமைங்க மேடம்! எப்படி இந்த ஐடியா வந்துச்சு?"

"சும்மா எனக்கே தோணுச்சு சார்."

வாய் தவறிச் சொல்லவில்லை சுமதி, தெரிந்தேதான் சொன்னேன். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பவன்கூட தேங்காயைப் பிள்ளையாருக்குத்தான் கொடுக்கிறான். நான் எனக்கே உடைத்துக்கொண்டேன். எல்லாரும் கைதட்டினார்கள், கீர்த்தியும் தட்டினாள். வெட்கத்தில் என்னால் நிமிரவே முடியவில்லை.

வகுப்பில் மட்டும்தான் அவளுக்கு நான் மிஸ், வெளியே வந்தால் வாய் நிறைய பெரியம்மா. அன்று சாயங்காலம் திருவான்மியூர் பஸ் ஸ்டாண்டில், "சாப்டியாடா?" என்று கேட்டேன்.

"சாப்ட்டேன் மிஸ்" என்றாள்.

அவள் கோபமாகத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

திங்கட்கிழமை அசெம்பிளியில் எனக்குச் சால்வை போடப்போகிறார்களாம். மைக்கை வாங்கி உன் பெயரைச் சொல்வேன், நான் சொன்னது பொய் என்றும் சொல்வேன். அதற்கு முன்னால், நாளைக்கே, உன் பெண்ணிடம் போய் மன்னிப்புக் கேட்பேன். அவள் மன்னிக்காவிட்டாலும் திங்கட்கிழமை சொல்வேன். இது சத்தியம்.

உன் பெண்ணுக்கு இப்போதைக்கு வெறும் மிஸ்ஸான,
உன் ராஜி அக்கா