உமாவுக்கென்று ஒரு பாஷை

இன்று நம் மகள் உமாவுக்கு மறுபடியும் மூளைக்கு இ.இ.ஜி. எடுத்தார்கள். தலையில் ஒட்டியிருந்த பசையை வெந்நீர் விட்டுக் கழுவும்போது வந்த வாடையில், முதல் தடவை அதைக் கழுவிவிட்ட உங்கள் கைகள் நினைவுக்கு வந்தன. அன்று ஓயாமல் அவளிடம் பேசிக்கொண்டே கழுவினீர்கள். அவள் பதில் சொல்லவில்லை.

காய்ச்சலுக்கு முந்தைய வாரம்வரை வாய் மூடாத மூன்று வயதுப் பிள்ளை. தம்பானூரில் பஸ்ஸுக்கு நிற்கும்போது முன்பின் தெரியாதவர்களிடம்கூட, "எங்க அப்பா மீசை குத்தும்" என்று சொல்வாள். பிறகு வலிப்பு, ஐ.சி.யு. மூளையில் அழற்சி என்றார்கள். கண் விழித்தபோது நம்மை அடையாளம் தெரிந்தது. பேச்சு மட்டும் போயிருந்தது.

பேச்சுப் பயிற்சி தரும் பெண், வீட்டில் ஒரே பாஷையில் பேசிப் பாருங்கள் என்றார். நான் தமிழ் என்றேன். நீங்கள் மலையாளம் என்றீர்கள்.

"உங்களுக்கே அது சரியா வராதே," என்று கத்தினேன்.

"இந்த ஊர்ல ஸ்கூலு, டாக்டரு எல்லாம் அதுலதானே. நமக்கு ரெண்டு பாஷை இருக்கு, கேட்டியா. பிள்ளைக்கு ஒண்ணாவது இருக்கட்டும்."

அதோடு உங்கள் நாகர்கோவில் பேச்சை விட்டுவிட்டீர்கள். தண்ணீர் வேண்டுமா என்பதைக்கூட "மோளே, வெள்ளம் வேணோ?" என்று தட்டுத் தடுமாறிக் கேட்பீர்கள். அவள் எதிரில் என்னிடம்கூடத் தமிழ் பேசவில்லை. ஊரையெல்லாம் கேலி பேசிச் சிரிக்கவைத்த மனிதர், வீட்டுக்குள் அதிகம் பேசாதவராகிப் போனீர்கள். "வெள்ளம்", "வேண்டா", "அம்மே" என்று ஒவ்வொன்றாக அவளுக்கு வந்தன. அப்பாவைக் கூப்பிடும் "அச்சா" மட்டும் வரவில்லை. உங்களைக் கண்டால் ஓடிவந்து மீசையைத் தொடுவாள், அவ்வளவுதான்.

மாரடைப்பு அதற்குமேல் உங்களை விட்டுவைக்கவில்லை. கூடத்தில் உங்களைக் கிடத்தியிருந்தபோது என்னை மறந்து தமிழில் கதறினேன். சொல்லிச் சொல்லி அழுததில் ஒன்றும், தமிழ் மறந்துபோயிருந்த உமாவுக்குப் புரியவில்லை. மருண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தவள், அருகே வந்து என் வாயைப் பொத்தினாள்.

"அம்மே, மதி."

போதும் என்கிறாள். இரண்டு சொற்களைச் சேர்த்து அவள் பேசியது அதுதான் முதல் தடவை. நீங்கள் எதற்காகக் காத்திருந்தீர்களோ, அது உங்கள் தலைமாட்டில் நடந்தது.

அவளிடம் நான் இன்னும் தமிழ் பேசுவதில்லை. உங்களிடம் மட்டும் பேசுகிறேன், இப்படி, சத்தமில்லாமல்.